நாலு மணிக்குத் திறக்கும் மெயில்கள்

எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள், நான் வேலையை விட்டு வந்த பிறகும் என்னை விடுவதாக இல்லை. போன வாரம் போன் செய்து, "மேடம், மெயில் அனுப்பின அடுத்த நிமிஷமே லிஸ்ட்ல பாதிப் பேர் ஓப்பன் பண்ணதா காட்டுது. ஆள் தொறந்ததா, மெஷின் தொறந்ததான்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?" என்று கேட்டார்கள். இப்போதெல்லாம் வருகிற மெயிலை மெயில் கம்பெனியின் மெஷினே முதலில் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுகிறதாம். எங்கள் காலத்தில் 'ஓப்பன்' என்று கணக்கில் ஏறினால் அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று நம்பலாம். அப்படிப்பட்ட காலத்திலேயே ஒரு தடவை எங்களுக்கு இதே சந்தேகம் வந்தது. ஆபீசையே மூட வேண்டியிருக்குமோ என்கிற அளவுக்கு வந்தது. அதைப் போனில் சொல்லி முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூரில் என் சொந்தக்காரர்களுக்கே கடைசிவரை புரியவில்லை. "கம்ப்யூட்டர்ல ஆடு விக்கிறா" என்றுதான் என் நாத்தனார் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். நாங்கள் எதையும் விற்கவில்லை. ஆடு வளர்ப்பவர்களுக்குப் பயன்படுகிற ஒரு சின்னப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் தயார் செய்து, 'இலவசமாக வேண்டுமா? உங்கள் பெயரும் மெயில் முகவரியும் கொடுங்கள்' என்று ஒரு பக்கம் போடுவோம். அதற்கு ஆப்ட்-இன் பக்கம் என்று பெயர். சரி, எனக்கு அனுப்பு என்று ஒருவர் தானாக முன்வந்து ஒப்புக்கொள்கிற பக்கம். அப்படி ஒப்புக்கொண்டவர்களின் பெயர்கள் சேர்ந்ததுதான் லிஸ்ட். அந்த லிஸ்டுக்கு வெள்ளிக்கிழமைதோறும் மெயில் போகும். கொட்டகை எப்படிப் போடுவது, மழையில் குட்டிகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்றெல்லாம் எழுதி, நடுவில் தீவனம் வெட்டும் மெஷின் மாதிரி ஏதாவது ஒரு பொருளுக்கு லிங்க் வைப்போம். அதன் வழியாகப் போய் யாராவது வாங்கினால் எங்களுக்குக் கமிஷன். சும்மா அழுத்திப் பார்த்தாலும் சில்லறையாகக் கொஞ்சம் வரும். அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்பார்கள். தரகு என்று சொல்லியிருந்தால் என் நாத்தனாருக்குச் சட்டென்று புரிந்திருக்கும். கௌரவக் குறைச்சலாக இருக்குமே என்று நான்தான் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டைப்ரைட்டிங் டீச்சராக இருந்தேன். பிள்ளைகள் வருவது குறைந்து, இன்ஸ்டிடியூட்டை மூடினார்கள். தமிழில் வேகமாக அடிக்க ஆள் வேண்டும் என்று மெர்சி மேடம் கேட்டனுப்பினார். போனேன். மற்றதெல்லாம் வேலை பார்த்துக்கொண்டே கற்றதுதான்.

மெர்சி மேடம்தான் ஓனர். ஹார்டுவேர் கடை மாடியில் இரண்டு அறை, ஏழு பேர், அவ்வளவுதான் ஆபீஸ். இதற்கு முன்னால் அவர் வருஷக்கணக்காக வீடு வீடாக ஏறி இறங்கி இன்சூரன்ஸ் பிடித்தவர். அந்தப் பழக்கம் போகவில்லை. புதிதாக ஒரு ஆப்ட்-இன் பக்கம் தயாரானால் அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கு வெளியே போவார். செருப்பைக் கழற்றுவார். கதவைத் தட்டுவார். "உள்ள வரலாமாம்மா?" என்பார். உள்ளே நாங்கள் வீட்டுக்காரர்களாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் வாசலில் நின்றபடியே அந்தப் பக்கத்தில் இருப்பதை வரி வரியாக, வந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி படிப்பார். எந்த வரியில் எங்களுக்குக் கதவைச் சாத்தத் தோன்றுகிறதோ அங்கே "வேணாம்மா, போ" என்று சொல்லிவிட வேண்டும். அந்த வரி போயிற்று.

வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் 'இந்த அரிய வாய்ப்பைத் தவற விடாதீர்கள்' என்பதை ஒரு பொம்பளை வெறுங்காலோடு வாசலில் நின்று சொல்லிப் பார்த்தால்தான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரியும். எனக்குத்தான் இந்த விளையாட்டில் கெட்ட பெயர். நான் கதவைச் சாத்தவும் மாட்டேன், உள்ளே விடவும் மாட்டேன். "எந்த ஊரு? இதுல உனக்கு என்ன கெடைக்குது? போன வாரம் யார் வீட்டுக்குப் போன?" என்று துருவித் துருவிக் கேட்பேன். "சகுந்தலா, நீ வாங்குற ஆளு இல்ல, விசாரிக்கிற ஆளு" என்பார் மேடம்.

இன்னும் சில விஷயங்களில் அவர் பிடிவாதம் பிடிப்பார். 'சம்மதம்' என்கிற கட்டத்தில் நாங்களே டிக் போட்டு வைக்கக் கூடாது. அது காலியாக இருக்க வேண்டும், வருகிறவர்தான் போட வேண்டும். பெயர் கொடுத்த பிறகு இன்னொரு மெயில் அனுப்பி, 'நிஜமாகவே வேண்டுமா?' என்று மறுபடி கேட்க வேண்டும். பல பேர் அந்த இரண்டாவது கேள்வியிலேயே போய்விடுவார்கள். போகட்டும் என்பார். ஒவ்வொரு மெயிலின் அடியிலும், 'வேண்டாம் என்றால் இங்கே அழுத்துங்கள், நிறுத்திவிடுகிறோம்' என்று இருக்கும். மற்ற கம்பெனிகள் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற அளவில் போடுவார்கள். எங்களுடையது மற்ற எழுத்துகளின் அளவிலேயே இருக்கும். அழுத்தினால் ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது.

பக்கங்களை வடிவமைக்கிற தினேஷ் ஒரு தடவை இரண்டு பொத்தான் வைத்துக்கொண்டு வந்தான். ஒன்றில் 'ஆம், அனுப்புங்கள்'. இன்னொன்றில் 'வேண்டாம், என் ஆடுகள் நோயில் விழுந்தாலும் பரவாயில்லை'. அந்தக் காலத்தில் எல்லோரும் இப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். நிறையப் பெயர்கள் விழும். மேடம் வழக்கம்போல வெளியே போய்க் கதவைத் தட்டினார். தினேஷையே வீட்டுக்காரனாக உட்கார வைத்தார். அவன் நடிப்பில் "வேணாம்மா" என்றதும், "சரிப்பா, உன் ஆடு செத்தா எனக்கென்ன?" என்றார் சிரித்த முகத்தோடு. தினேஷுக்கு முகம் சுண்டிவிட்டது. "வேணாம்னு சொல்றவங்கள நக்கல் பண்ணாதடா. சொல்றதே பெருசு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

இனி அந்த விவகாரத்துக்கு வருகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை, எங்களுக்கு லிங்க் கொடுக்கிற சென்னைக் கம்பெனியிலிருந்து மேனேஜர் போன் செய்தார். மரியாதையான மனிதர்தான், ஆனால் அன்றைக்குக் குரல் சரியில்லை. எங்கள் லிஸ்டில் அறுபது சொச்சம் பேர் ஒரே இடத்திலிருந்து, ஒரே கம்ப்யூட்டரிலிருந்து லிங்கை அழுத்துகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்து வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக. ஒருத்தர்கூட எதுவும் வாங்கியதில்லை. "இது போலி ஆள் வெச்சு அழுத்துறதுங்க மேடம். திங்கக்கிழமைக்குள்ள இவங்க நெஜ ஆளுங்க, அவங்களா ஒத்துக்கிட்டவங்கன்னு காட்டுங்க. இல்லன்னா அக்கவுண்ட மூடுறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

ஆடு லிஸ்ட்தான் எங்கள் சோறு. அது போனால் ஏழு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தினேஷ், "அந்த அறுபது பேரையும் தூக்கிடலாம் மேடம், முடிஞ்சுது பிரச்சின" என்றான். "வாசல் வழியா வந்தவங்கள விசாரிக்காம வெளிய தள்ள முடியாது" என்றார் மேடம். பிறகு என் பக்கம் திரும்பி, "விசாரிக்கிறதுக்குத்தான் நீ இருக்கியே" என்றார்.

எனக்கு உள்ளூர ஒரே ஆர்வம். பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. கணக்கை எடுத்துப் பார்த்தேன். அறுபது முகவரிகளின் வாலிலும் 'அமுதா ஜெராக்ஸ்' என்று ஒட்டிக்கொண்டிருந்தது. முருகேசன் அமுதா ஜெராக்ஸ், எஸ்தர் அமுதா ஜெராக்ஸ், கன்னியம்மா அமுதா ஜெராக்ஸ். இது ஒரு கடைதான் என்று தெரிந்தது. ஆனால் ஒன்று மண்டையைக் குடைந்தது. அவர்கள் மெயில் திறக்கிற வரிசை வாரத்துக்கு வாரம் மாறியது. இந்த வாரம் எஸ்தர் முதலில் என்றால் அடுத்த வாரம் கன்னியம்மா. மெஷினாக இருந்தால் அது எதற்கு வரிசையை மாற்றப் போகிறது?

புதன்கிழமை காலையில் அந்த அறுபது பேருக்கு மட்டும் ஒரு மெயில் அனுப்பினேன். 'உங்கள் ஆட்டை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? பதில் எழுதுங்கள்.' மேடம் அதைப் படித்துவிட்டு, வாசலில் யாராவது இப்படிக் கேட்டால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருப்பேன் என்றார்.

சாயங்காலத்திலிருந்து பதில்கள் வந்தன. கருப்பி. செவல. கலெக்டரு. 'பேரு இல்ல, த்தா த்தான்னா வரும் .' 'ஆடு இல்ல, கோழிதான் கீது, அதுக்குப் போயி யாரு பேரு வெப்பா .' 'போன மாசம் வித்துட்டோம், மெயில நிறுத்திடாதீங்க .' டைப்ரைட்டிங் டீச்சர் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிந்தது. எல்லாவற்றிலும் முற்றுப்புள்ளிக்கு முன்னால் ஒரு இடம் விட்டிருந்தது. அடித்த கை ஒன்றுதான். ஆனால் பேசிய வாய் ஒன்றாக இருக்க முடியாது. ஆட்டுக்குக் கலெக்டர் என்று பெயர் வைக்கிறவரும், கோழிக்கு யார் பெயர் வைப்பார்கள் என்று எரிந்து விழுகிறவரும் ஒரே ஆளா?

ராணி என்ற பெயரிலிருந்து வந்த பதிலில் ஆட்டின் பெயரே இல்லை. 'எதுக்குக் கேக்குறீங்க .' என்று மட்டும் இருந்தது. என்னை மாதிரியே ஒருத்தி! உடனே அவருக்கு எழுதினேன். உங்களை நேரில் பார்க்க ஆசை, எங்கே இருக்கிறீர்கள்? மறுநாள் பதில் வந்தது. 'தென்னேரி பக்கம் . வெள்ளிக்கெழம நாலு மணிக்குக் கடைக்கு வாங்க . எல்லாரும் இருப்போம் .'

நானும் மேடமும் வாலாஜாபாத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போனோம். ஏரிக்கரை ரோட்டில் இரண்டு கடை தள்ளி அமுதா ஜெராக்ஸ். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், கண்ணாடிக்குப் பின்னால் போட்டோ பிரேம்கள். வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். களையெடுப்பு முடிந்து நேராக வந்தவர்கள், கால்களில் சேறு காய்ந்திருந்தது. யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள், வீட்டில் ஒன்றோ இரண்டோ ஆடு.

எங்களை யாரென்று சொல்வதற்குள் நாலு மணி ஆகிவிட்டது. அமுதா என்கிற அந்தக் கடைக்காரப் பெண் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, "யாரு மொதல்ல வந்தது?" என்று கேட்டாள். "நான்தான்" என்று ஒருவர் கையைத் தூக்கினார். அமுதா அவர் பெயரில் மெயிலைத் திறந்து சத்தமாகப் படித்தாள். "வணக்கம் எஸ்தர், உங்கள் ஆடுகள் நலமா?"

"நல்லா கீது, நல்லா கீது" என்றார் எஸ்தர். எல்லோரும் சிரித்தார்கள். அமுதா மெயில் முழுவதையும் அவருடையதில் படித்து முடித்தாள். லிங்கை அழுத்தித் தீவனம் வெட்டும் மெஷின் படத்தைக் காட்டினாள். பிறகு அதை மூடி, அடுத்தவருடையதைத் திறந்தாள். "வணக்கம் கன்னியம்மா, உங்கள் ஆடுகள் நலமா?" அந்த ஒரு வரிதான். "என்னுதுலயும் படத்தக் காட்டு" என்றார் கன்னியம்மா. காட்டினாள். மூடினாள். அடுத்தது. இப்படியே வாசலில் இருந்த ஒவ்வொருவருக்கும், வந்த வரிசைப்படி. வராதவர்களுக்கும் திறந்து படித்தாள். பக்கத்து வீட்டுக்காரி போய்ச் சொல்வாளாம்.

அந்த முதல் வரியை எழுதியவள் நான்தான். பெயர் வரும் இடத்தில் ஒரு குறியை வைத்தால் சாஃப்ட்வேர் அவரவர் பெயரைப் போட்டுக்கொள்ளும். அரை நிமிஷ வேலை. அதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டுப் பதில் சொல்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏம்மா, எல்லாருக்கும் ஒரே மெயில்தானே? ஒருத்தர் பேர்ல வாங்கி எல்லாருக்கும் படிச்சிருக்கலாமே?" என்று கேட்டார்.

அமுதா திகைத்துப் போனாள். "அது தப்பு இல்லியா மேடம்? பேரு குடுத்தவங்களுக்குத்தான் அனுப்புவோம்னு நீங்கதான போட்டுக்கீறீங்க. ரேஷன் மாதிரி கார்டுக்கு ஒண்ணுன்னு நெனச்சேன். பென்சன், ஸ்காலர்ஷிப்னு எல்லாத்துக்கும் மெயில் ஐடி கேக்குறாங்க, அதுக்காக நான் போட்டுக் குடுத்த ஐடி ஆளுக்கு ஒண்ணு கீது. இவங்க சொன்னாங்க, நான் அமுக்கினேன். ரெண்டாவது தபா நெஜமா வேணுமான்னு கேட்டீங்களே, அப்பவும் ஒவ்வொருத்தர் வூட்டுக்கும் போயிக் கேட்டுட்டு வந்துதான் அமுக்கினேன். ஆட்டுப் பேரு கேட்டீங்களே, அதுக்கும் அப்படித்தான்."

நாங்கள் ஊர் உலகத்தில் யாரும் செய்யாத அளவுக்கு ஒழுங்காகப் போட்ட விதியை, அதைவிட ஒழுங்காக ஒருத்தி கடைப்பிடித்திருக்கிறாள். அதற்குத்தான் எங்கள் அக்கவுண்டுக்கு ஆபத்து வந்திருக்கிறது! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மேடம் செருப்பைக் கழற்றினார். எனக்குப் புரிந்துவிட்டது. வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். நாங்கள் யார், லிங்க் என்றால் என்ன, வாங்கினால் எங்களுக்கு என்ன வரும், சென்னையில் என்ன சந்தேகப்படுகிறார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார்.

"அப்ப எங்களால உங்களுக்கு பேஜாருதான்" என்றார் கன்னியம்மா.

"இப்போதைக்கு ஆமா. அதனால நானே ஒவ்வொருத்தரா கேக்குறேன். மெயில் வேணுமா, வேணாமா?"

வேணும், வேணும் என்று வந்துகொண்டே இருந்தது. ஓரமாகத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பெண்ணிடம் வந்ததும் அது நின்றது. நாற்பத்தைந்து வயது இருக்கும். அதுவரை சிரிக்காதவர் அவர் ஒருவர்தான்.

"வேணாம்னு சொன்னா இன்னா ஆவும்?"

"உங்க பேர எடுத்துடுவோம்."

"அதுக்கு அப்பால?"

"அப்பால ஒண்ணும் இல்ல."

"அப்ப எனக்கு வேணாம்" என்றார். அவர்தான் ராணியம்மா.

"இன்னா ராணி, ஆபீஸ்ல இருந்து வந்துகீறாங்க" என்று எஸ்தர் அவர் தோளை இடித்தார். மேடம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அமுதா, அவங்க மெயிலத் தொற. அடியில இருக்குதே, அத அழுத்து" என்றார். அமுதா தயங்கித் தயங்கி அழுத்தினாள். 'உங்கள் பெயரை எடுத்துவிட்டோம். நன்றி' என்று வந்ததைப் படித்தாள்.

"அவ்ளோதானா? ஏன் எதுக்குன்னு கேக்கலியா?" என்றார் ராணியம்மா.

"கேக்க மாட்டோம்" என்றார் மேடம்.

எனக்குக் கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. மேடம் ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை சென்னை மேனேஜருக்கு மேடம் நடந்ததை அப்படியே சொன்னார். அறுபது பேரும் ஒரே கம்ப்யூட்டரில்தான் திறக்கிறார்கள், அது உண்மை. இனி அவர்களைத் தனி லிஸ்டில் வைத்து, லிங்க் இல்லாமல் படம் மட்டும் வைத்து அனுப்புகிறோம், உங்கள் கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள். ஆனால் ஆட்கள் நிஜம். ஒருத்தர் வேண்டாம் என்றார், எடுத்துவிட்டோம். மேனேஜர் கணக்கைத் திறந்து பார்ப்பது கீபோர்டு சத்தத்தில் தெரிந்தது. பிறகு, "கூலிக்கு ஆள் புடிச்சு அழுத்துற லிஸ்ட்ல எவனும் வேணாம்னு வெளிய போக மாட்டான் மேடம். போனா அவனுக்குத்தான் நஷ்டம்" என்றார். அக்கவுண்ட் தப்பித்தது. எங்கள் ஏழு பேர் வேலையும் தப்பித்தது. போனை வைத்ததும் தினேஷ் விசிலடித்தான்.

ஆனால் எனக்கு ராணியம்மாவை விட முடியவில்லை. ஏன் வேண்டாம் என்றார்? அடுத்த வெள்ளிக்கிழமை ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நான் மட்டும் தென்னேரிக்குப் பஸ் ஏறினேன்.

அவர் வந்திருந்தார். அதே தூண். பெயர் இல்லாதவருக்கு இங்கே என்ன வேலை என்று எனக்கு ஆச்சரியம். அமுதா வரிசையாகத் திறந்து படித்துக்கொண்டு போனாள். எஸ்தர், கன்னியம்மா, எல்லோரும். கடைசியில் கம்ப்யூட்டரை மூடப் போனாள்.

"என்னுதத் தொற" என்றார் ராணியம்மா.

"உனக்குத்தான் வேணாம்னியே அக்கா."

"தொற, பாப்போம்."

திறந்தாள். எதுவும் வந்திருக்கவில்லை. ராணியம்மா எழுந்து வந்து, படிக்கத் தெரியாவிட்டாலும் ஸ்கிரீனை மேலிருந்து கீழ்வரை உற்றுப் பார்த்தார். "நல்லாப் பாரு" என்றார். "வரல அக்கா" என்றாள் அமுதா.

"நெஜமாவே எடுத்துட்டாங்கடி!" என்று ராணியம்மா மற்றவர்கள் பக்கம் திரும்பினார். சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என்னிடம் சொன்னார். "நடவுக்கு வரலன்னா வாசல்ல வந்து நிப்பாங்க. கல்யாணம் வேணாம்னேன், பத்திரிக அடிச்சிட்டு வந்து காட்னாங்க. இந்த வாயி வேணாம்னு சொல்லி ஒண்ணு நின்னுச்சின்னா, இதான் மொத தபா."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, தூணில் சாய்ந்தபோது பார்த்த அதே பழைய முகத்தோடு கேட்டார்.

"எம் பேரத் திரும்பிப் போட்டா, மறுபடியும் வேணாம்னு சொல்ல வுடுவீங்களா?"

"எப்ப வேணும்னாலும் சொல்லலாம். ஒவ்வொரு மெயிலுக்கு அடியிலயும் இருக்குது."

"அப்ப போடு."